சுவரில் இருப்பவரும் சுவரில் இல்லாதவர்களும்

கம்பத்தில் பொழுது புலர்வதற்கு முன்பே தேநீர்க் கடைகள் விழித்துக்கொள்ளும். ஏலத் தோட்டத்து வேலைக்கு மலை ஏறும் ஜீப்புகள் வரிசையாக நிற்கும். தூக்குவாளியும் கையுமாகப் பெண்கள் முண்டியடித்து ஏறுவார்கள். வாழைத்தார் ஏற்றும் சுமைத் தொழிலாளர்கள் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு பெஞ்சில் உட்காருவார்கள். அப்படியொரு விடியலில், அப்படியொரு கடையில் நாமும் உட்கார்ந்திருந்தோம்.

எதிர்ச் சுவரில் ஒரு முருகன் படம். அதற்குப் பக்கத்தில் அதே அளவில், அதே சந்தனப் பொட்டுடன், மீசை வைத்த ஒரு வெள்ளைக்காரரின் படம். காய்ந்த மாலை ஒன்று இரண்டு படங்களுக்கும் பொதுவாகத் தொங்கியது. அவர் யாரென்று கம்பத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய கர்னல் பென்னிகுக்.

நமக்குப் பக்கத்தில் இருந்த இளைஞர் ஒருவர் அந்தப் படத்தைக் காட்டிச் சொன்னார்: "பாத்தீங்களாண்ணே, வெள்ளக்காரன் ஒருத்தன் வந்து கட்டிட்டுப் போனான். நூத்தி முப்பது வருசமா சோறு போடுது. நம்மாளுக வந்து என்னத்தக் கிழிச்சாங்க? அவனையே வச்சிருந்திருக்கலாம்."

கடை சிரித்தது. மூலையில் இருந்த பெரியவர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. "எங்க ஐயாவ ராத்திரிக்கு ராத்திரி கச்சேரியில கொண்டுபோயிப் படுக்க வச்சவனும் அவந்தேன் தம்பி" என்றார். அதற்குள் ஜீப்காரர் ஒலியெழுப்பினார், பேச்சு கலைந்தது.

நமக்கு மட்டும் அந்த இரண்டு பேச்சும் காதை விட்டு அகலவில்லை. இளைஞர் சொன்னதற்குச் சாட்சியாகச் சுவரிலே படம் இருக்கிறது. பெரியவர் சொன்னதற்கு எந்தச் சுவரிலும் படம் இல்லை. அதனால் முதல் பேச்சு வரலாறு போலத் தோன்றுகிறது. இரண்டாவது பேச்சு கிழவரின் புலம்பல் போலத் தோன்றுகிறது. இதைப் பற்றித்தான் இன்று தோழர்களோடு பேச விரும்புகிறோம்.

நன்றி கெட்டவர்கள் அல்ல நாம்

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். அந்தப் படத்தைக் கழற்றச் சொல்லி இதை எழுதவில்லை. 1895 அக்டோபரில் திறக்கப்பட்ட அந்த அணை 155 அடி உயரமும் 1,200 அடி நீளமும் கொண்டது. மேற்கே ஓடிக் கடலில் விழுந்த பெரியாற்று நீரை மறித்து, மலையைக் குடைந்து ஒரு மைலுக்கும் அதிகமான சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பியது. கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல் அந்த நீரை நம்பி நிற்கிறது. அதற்கப்பால் மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் வரை அந்த நீரின் பெருமை பேசும் கண்மாய்கள் உண்டு.

ஆகவே பாலார்பட்டி மக்கள் அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள் என்றால் அது வெள்ளையனுக்கு வால்பிடிக்கும் செயல் அல்ல. சோறு போட்டவனை நினைப்பது நமது பண்பு. 2013 ஜனவரி 15இல் லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. தேனிப் பேருந்து நிலையம் அவர் பெயரைத் தாங்குகிறது. 2022 செப்டம்பரில் அவர் வாழ்ந்து மறைந்த இங்கிலாந்தின் கேம்பர்லி நகரிலேயே தமிழகத்தின் செலவில் அவருக்குச் சிலை எழுந்தது. ஆண்டவனின் ஊரிலேயே போய், அடிமைப்பட்டிருந்தவன் சிலை வைத்திருக்கிறான்! உலகில் இது எளிதில் காணக் கூடிய காட்சியா?

மக்களுக்கு யாரை இறக்க வேண்டும், யாரை வைத்துக்கொள்ள வேண்டும் என்று தெரியும். சென்னை மவுண்ட் ரோட்டில் நீல் என்ற தளபதிக்குச் சிலை இருந்தது. 1857 புரட்சியின்போது வட இந்திய மண்ணை இரத்தத்தில் தோய்த்தவன் அவன். 1927இல் தமிழகத் தொண்டர்கள் அந்தச் சிலைக்கு எதிராகச் சத்தியாக்கிரகம் செய்தார்கள். அலை அலையாகச் சிறை சென்றார்கள். 1937இல் ராஜாஜி மந்திரிசபை வந்த பிறகு சிலை வீதியை விட்டு அகன்று அருங்காட்சியகத்துக்குள் போனது. நீலை இறக்கிய அதே தமிழன்தான் பென்னிகுக்கை மாட்டியிருக்கிறான். கொன்றவனையும் கட்டியவனையும் ஒரே தராசில் வைக்காத நீதி அவனிடம் இருக்கிறது.

பிறகு என்ன குறை என்று கேட்பீர்கள். குறை படத்தில் இல்லை. அந்தப் படம் தனியாகத் தொங்குவதில்தான் இருக்கிறது.

படத்துக்குள் அடங்காதவை

ஒரு படம் ஒரு முகத்தைத்தான் காட்டும். அணையை ஒரு முகமா கட்டியது?

பெரியாற்றைக் கிழக்கே திருப்பலாம் என்ற எண்ணம் இலண்டனில் பிறந்ததல்ல. 1789ஆம் ஆண்டிலேயே இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை அதை ஆராய்ந்து பார்த்தார். செலவு தாங்காது என்று கைவிட்டார். அவர் முகம் எந்தக் கடையிலும் இல்லை.

அணை வேலையில் இறங்கிய ஆயிரக்கணக்கான கூலிகளின் முகம் எங்கே? மலேரியாக் காய்ச்சலும் காட்டு மழையும் அவர்களை வாரிக்கொண்டு போயின. நோயால் மட்டும் 483 பேர் மாண்டு அணைக்கு அருகே புதைக்கப்பட்டார்கள். சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த அந்தச் சுவருக்குள் அவர்கள் வியர்வை இருக்கிறது. கடைச் சுவரில் அவர்கள் நிழல்கூட இல்லை.

பணம் யாருடையது? துரை தம் மனைவியின் நகையை விற்றுக் கட்டினார் என்று ஊரெல்லாம் கதை சொல்லும். கதையில் அன்பு இருக்கிறது. நாம் அதைப் பழிக்கவில்லை. ஆனால் அணை சென்னைச் சர்க்காரின் பொதுப்பணித் துறை எடுத்த வேலை. சர்க்கார் கஜானாவில் இருந்த பணம் எங்கிருந்து வந்தது? உழவன் கட்டிய நிலவரி, ஏழை உப்பு வாங்கும்போது கட்டிய உப்புவரி. தண்ணீர் வந்த பிறகு அதற்கும் தீர்வை கட்டினோம்.

சர்க்காருக்கு அந்த அக்கறை ஏன் வந்தது? 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் பல லட்சம் பேர் மடிந்தார்கள். அந்த நாளிலும் தானியம் கப்பலேறியது. ஆளும் இல்லை, வரியும் இல்லை என்ற நிலை வந்த பிறகுதான் பழைய திட்டங்களைத் தூசி தட்டி எடுத்தார்கள். பென்னிகுக் என்ற பொறியாளரின் திறமையும் பிடிவாதமும் உண்மை. அவரை அனுப்பிய சர்க்காரின் கணக்கும் உண்மை.

1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூரோடு குத்தகை எழுதினார்கள். எத்தனை ஆண்டுக்கு? 999 ஆண்டுக்கு! நாம் ஆயிரம் ஆண்டு இங்கேயே இருப்போம் என்ற நினைப்பில் எழுதிய எழுத்து அது. எழுதியவன் 61 ஆண்டில் மூட்டை கட்டினான். அவனை மூட்டை கட்ட வைத்தவர்கள் யார் என்பதையும் அந்தப் படம் சொல்லவில்லை.

படம் சுவரேறிய கதை

இன்னொரு விஷயத்தையும் தோழர்கள் கவனிக்க வேண்டும். இந்தப் படம் இவ்வளவு பெருவாரியாகச் சுவரேறியது வெள்ளையன் ஆண்ட நாளில் அல்ல; நாம் நம்மை ஆளத் தொடங்கிய பிறகுதான்.

1979இல் அணையின் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. வயல் காய்ந்தது, வழக்கு வளர்ந்தது. 2006இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்றது. கேரளம் புதுச் சட்டம் செய்து தடுத்தது. 2011 நவம்பரில் அணை உடைந்து ஊர்கள் அழிவதைக் காட்டும் திரைப்படம் ஒன்று வந்தது; தமிழகத்தில் அதற்குத் தடை விதித்தார்கள். அடுத்த மாதம் கம்பம் பள்ளத்தாக்கு மக்கள் ஆயிரம் ஆயிரமாகக் குமுளி எல்லையை நோக்கி நடந்தார்கள். 2014 மே 7இல் உச்ச நீதிமன்றம் 142 அடியை மறுபடி உறுதி செய்தது.

அந்தச் சண்டையில் ஒரு பக்கம் உடையும் அணையின் படம். மறு பக்கம் அணையைக் கட்டியவரின் படம். படத்தோடு படம் மோதியது! நமது உழவன் பென்னிகுக்கைத் தூக்கிப் பிடித்தது இங்கிலாந்தின் மேல் கொண்ட காதலால் அல்ல. "இந்தத் தண்ணீர் எங்கள் உரிமை, இதோ சாட்சி" என்று சொல்ல அவனுக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. அந்த முகம் தயாராக இருந்தது, மாட்டிக்கொண்டான்.

ஆனால் இளைஞருக்கு இந்தக் கதை தெரியாது. அவர் பிறந்தபோதே படம் சுவரில் இருக்கிறது. உரிமைக்குச் சாட்சியாக மாட்டிய படத்தை அவர் அடிமைக்காலத்தின் நற்சான்றாகப் படிக்கிறார். ஒரு தலைமுறை ஏன் மாட்டியது என்பதை அடுத்த தலைமுறைக்குச் சொல்லத் தவறினால் படம் தானாகப் பேசத் தொடங்கிவிடும். அது பேசுவது எப்போதும் மாட்டியவன் நினைத்ததாக இராது.

பெருவிரலில் எழுதிய படம்

இனிப் பெரியவரிடம் வருவோம்.

அணை கட்டிய சர்க்காருக்கு இன்னொரு கை உண்டு. அந்தக் கை மை தடவிய பலகையை நீட்டியது. 1911ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ்ப் பிறமலைக் கள்ளர் சமூகத்தின் ஆண்களைப் பிறவிக் குற்றவாளி என்று பட்டியல் போட்டு, கைரேகை பதியச் சொன்னார்கள். மக்கள் அதற்கு வைத்த பெயர் ரேகைச் சட்டம். குற்றம் செய்தவனை அல்ல. குறிப்பிட்ட தாய் வயிற்றில் பிறந்தவனை! இரவானால் போலீஸ் கச்சேரியில் போய்ப் படுக்க வேண்டும். அனுமதிச் சீட்டில்லாமல் அடுத்த ஊருக்குப் போகக் கூடாது. பெண் பார்க்கப் போவதானாலும், பிணத்துக்குப் போவதானாலும் சீட்டு வேண்டும்.

ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டினால் உசிலம்பட்டிச் சீமை. அங்கே பெருங்காமநல்லூர் மக்கள் "ரேகை வைக்க மாட்டோம்" என்று நின்றார்கள். 1920 ஏப்ரல் 3ஆம் நாள் போலீசார் சுட்டார்கள். 16 பேர் விழுந்தார்கள். அவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். அடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவர் என்று அந்தச் சீமை மக்கள் இன்றும் சொல்கிறார்கள். ஜாலியன்வாலா பாக்கில் சுட்டு ஓராண்டுதான் ஆகியிருந்தது. அமிர்தசரஸின் குண்டு துளைத்த சுவர் நம் பாடப் புத்தகத்தில் படமாக இருக்கிறது. மாயக்காளுக்குப் படம் இல்லை. அந்த ஏழைப் பெண்ணை நிற்க வைத்துப் படமெடுக்க அன்று யார் இருந்தார்கள்?

கேமரா இல்லாமலா போயிற்று? இருந்தது, அவர்கள் கையில் இருந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் ஊர் ஊராக மனிதர்களின் மூக்கையும் மண்டையையும் அளந்தார், படமெடுத்தார். 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்டார். நம் பாட்டன்மார்கள் பூச்சியையும் பறவையையும் போலச் சாதி வாரியாக, வகை வாரியாக அதில் வரிசைப்படுத்தப்பட்டார்கள்.

இது நம் நாட்டுக்கு மட்டும் நேர்ந்த கதையல்ல. 1960இல் அல்ஜீரியாவில் விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தது. அடையாள அட்டைக்காக என்று சொல்லி, கிராமத்துப் பெண்களை முக்காட்டை நீக்கச் செய்து பிரெஞ்சு ராணுவம் படமெடுத்தது. மார்க் கராஞ்சே என்ற ராணுவ வீரர் ஏறக்குறைய 2,000 பெண்களைப் படமெடுத்தார். அந்தப் பெண்களால் மறுக்க முடியவில்லை. ஆனால் கண் இருக்கிறதே! அந்தக் கண்களில் கொதித்த கோபம் படத்தில் அப்படியே பதிந்துவிட்டது. அடக்குவதற்காக எடுத்த படமே பிற்காலத்தில் அடக்கியவன் மேல் குற்றப்பத்திரிகை ஆனது. நம் பெரியவரின் ஐயா வைத்த ரேகையும் அப்படித்தான். அடிமை முறிக்காக வாங்கிய அந்தப் பெருவிரல் ரேகை, இன்று நமக்கு வெள்ளையாட்சியின் உண்மைப் படம்.

அந்தச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இலும், இந்தியா முழுவதிலும் 1952இலும் ஒழிந்தது. தானாக ஒழியவில்லை. பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் முதலான தலைவர்களும், ரேகை வைக்க மறுத்த பாமர மக்களும் சேர்ந்து ஒழித்தார்கள்.

கொடுத்ததா, பெற்றதா?

சுதந்திரம் என்றால் நமக்கு நினைவுக்கு வரும் படங்கள் எவை? நள்ளிரவில் நேரு பேசுகிறார். வெள்ளுடை அணிந்த மவுண்ட்பேட்டன் புன்னகைக்கிறார். 1947 ஆகஸ்ட் 16இல் செங்கோட்டையில் கொடி ஏறுகிறது. அழகான படங்கள், நம் நெஞ்சு நிமிரும் படங்கள். ஆனால் வெறும் அந்தப் படங்களைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு என்ன தோன்றும்? நல்ல உடை அணிந்த ஒருவர் நல்ல உடை அணிந்த இன்னொருவரிடம் ஏதோ சாவியை ஒப்படைத்துவிட்டுப் போனார் என்றுதானே?

அதற்கு ஒன்றரை ஆண்டு முன்பு, 1946 பிப்ரவரி 18இல், பம்பாயில் கப்பற்படை மாலுமிகள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். சுமார் 20,000 மாலுமிகள் அதில் இறங்கினார்கள். காங்கிரஸ் கொடி, லீக் கொடி, செங்கொடி மூன்றும் கப்பலில் ஒன்றாகப் பறந்தன. ஆலைத் தொழிலாளர்கள் ஆதரவாக வீதிக்கு வந்தார்கள். 200 பேருக்கு மேல் குண்டடிபட்டு மாண்டார்கள். இந்தப் படம் எத்தனை பள்ளிச் சுவரில் இருக்கிறது?

காங்கோ நாட்டுக்குக் கிடைத்த ஒரு படத்தைப் பாருங்கள். 1960 ஜூன் 29. விடுதலைக்கு முதல் நாள். பெல்ஜிய மன்னர் திறந்த காரில் பவனி வருகிறார். கூட்டத்திலிருந்து ஒரு கறுப்பின இளைஞர் பாய்ந்து மன்னரின் உடைவாளைப் பறித்துக்கொண்டு ஓடுகிறார். ராபர்ட் லெபெக் என்ற ஜெர்மானியப் படக்காரர் அந்தக் கணத்தைப் பிடித்துவிட்டார். மறுநாள் நடந்த விழாவையும் படமெடுத்தார்கள். ஆயினும் உலகம் நினைவில் வைத்திருப்பது இந்த வாளைத்தான். சுதந்திரம் கைகுலுக்கி வருவதா, கைநீட்டிப் பறிப்பதா என்ற கேள்விக்கு ஒரே படத்தில் விடை இருக்கிறது.

படம் இல்லாத இடத்தை வேறு ஏதாவது வந்து நிரப்பும். 1799இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட கட்டபொம்மன் என்றதும் நம் கண்முன் வருவது 1959இல் வந்த திரைப்படத்தின் சிவாஜி கணேசன் முகம் அல்லவா? அந்த நடிப்புக்கு 1960இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கப் பட விழா பரிசளித்தது. அடிமைத்தளை அறுத்த இரண்டு கண்டங்கள் தமிழனின் கோபத்தை அடையாளம் கண்டு கைதட்டின. சினிமாவின் வலிமை அது. ஆயினும் மாயக்காளுக்குச் சினிமாவும் வரவில்லை. பெருங்காமநல்லூரின் நினைவுத்தூண்தான் அவருக்கு முகம்.

இந்தச் சண்டை முடிந்துபோன பழங்கதை என்று எண்ணிவிட வேண்டாம். 2022 ஜனவரியில் வேலு நாச்சியார், வ.உ.சி., பாரதி உருவங்கள் தாங்கிய தமிழக ஊர்தி டெல்லி அணிவகுப்பில் இடம்பெறாமல் போயிற்று. அது சென்னையில் ஊர்வலம் வந்தது. பிறகு ஊர் ஊராகச் சென்றது. மக்கள் திரண்டு பார்த்தார்கள். யாருடைய உருவம் வீதியில் வர வேண்டும் என்பது இன்றும் அரசியல்தான்.

பக்கத்தில் ஓர் ஆணி

ஆக, செய்ய வேண்டியது என்ன? சுவரில் இடம் இருக்கிறது தோழர்களே! பென்னிகுக் படத்துக்குப் பக்கத்தில் இன்னும் சில ஆணிகளை அடிப்போம்.

ஒரு படம் ரோசாப்பூ துரைக்கு. இவரும் துரைதான், வெள்ளைத் துரை அல்ல. திருவிதாங்கூரின் செங்கன்னூரில் பிறந்த பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப். மதுரைக்கு வந்தார், ஆலைத் தொழிலாளர்களுக்குச் சங்கம் காண உதவினார், ரேகைச் சட்டத்தை எதிர்த்துக் கள்ளர் மக்களுக்காக வாதாடினார். நன்றி மறவாத மக்கள் அவரை ரோசாப்பூ துரை என்று கொண்டாடினார்கள். பிள்ளைகளுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். அவர் மலையாளி! முல்லைப் பெரியாற்றுச் சண்டையில் மலையாளி என்றாலே முகம் சுளிக்கும் இளைஞரும், பாண்டி என்றாலே ஏளனம் செய்யும் அக்கரை இளைஞரும் சேர்ந்து பார்க்க வேண்டிய முகம் அது. ஏலத் தோட்டத்தில் இருவரும் ஒரே மழையில்தான் நனைகிறார்கள்.

இன்னொரு சட்டத்துக்குள் ஒரு பெருவிரல் ரேகை. அதன் அடியில் ஆண்டு மட்டும் எழுதினால் போதும்: 1920. இன்னொரு சட்டத்துக்குள் 483 என்ற எண். 1959இல் திறந்த வைகை அணையின் படம் ஒன்று. நம்மாளுகள் என்னத்தைக் கட்டினார்கள் என்று கேட்கிறவருக்கு விடையாக.

ஜனவரி 15இல் லோயர் கேம்ப்பில் மாலை போடப் போகிற தோழர்கள் ஏப்ரல் 3இல் கணவாயைத் தாண்டிப் பெருங்காமநல்லூருக்கும் ஒரு மாலை கொண்டு போகட்டும். கூடவே ஒரு சிறுவனை அழைத்துப் போகட்டும். தூணில் இருக்கும் பெயர்களை அவன் உரக்கப் படிக்கட்டும்.

அந்தத் தேநீர்க் கடை இளைஞர் மேல் நமக்குக் கோபம் இல்லை. அவர் சுவரில் இருந்ததைப் படித்தார்; வேறொன்றையும் நாம் அங்கே மாட்டி வைக்கவில்லை. அடுத்த முறை கம்பத்துக்குப் போகும்போது அந்தப் பெரியவரைத் தேடிப் பிடித்து அவர் ஐயாவின் பெயரைக் கேட்கப் போகிறோம். கடைக்காரர் ஒரு சாண் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.